இடி இல்லை

யசோதினி இன்றைக்கும் பதுளையில்தான் இருக்கிறாள். பசறை வீதியில், சரிவில் கட்டிய ஒரு மாடி வீட்டில். சந்தேகம் உள்ளவர்கள் நேரே போய்க் கேட்கலாம். கதவைத் திறப்பாள். உட்காரச் சொல்வாள். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் கிடைக்கும். ஆனால் மாடியில் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது... அதை மட்டும் திறந்து காட்டச் சொல்லாதீர்கள்.

நடந்தது அந்த அறையில்தான். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சொல்லும்போது அவள் கணவன் இந்திரஜித்தும் பக்கத்தில் இருந்தான். ஓர் இடத்தில்கூட 'அப்படி இல்லை' என்று அவன் குறுக்கே பேசவில்லை.

கல்யாணத்துக்கு முன் யசோதினி கொழும்பில் வானொலி அறிவிப்பாளராக இருந்தவள். பதுளைக்குத் திரும்பி வந்தபிறகும் மைக் ஆசை விடவில்லை. அந்தப் பின்னறைச் சுவரில் முட்டை அட்டைகளையும் பழைய கம்பளியையும் ஒட்டி, வீட்டிலிருந்தே இன்டர்நெட் வானொலி ஒன்றைத் தொடங்கினாள். நிகழ்ச்சியின் பெயர் 'தூறல்'. மாலை ஆறு மணிக்கு ஆரம்பம். அந்த நேரத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. குவைத்தில் அப்போது பிற்பகல். வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுத் தூங்குவார்கள். வேலைக்குப் போன நம் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஊர்ப் பேச்சைக் கேட்பார்கள்.

போன வருஷம் அவளுடைய மிக்ஸர் பழுதாகிப்போனது. புதிது வாங்க வழியில்லை. பண்டாரவளையில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் இந்திரஜித் ஒன்றைக் கண்டுபிடித்துத் தூக்கிவந்தான். கனமான, கறுப்பு மிக்ஸர். மேடைகளில் வைக்கிறது. மைக், பாட்டு, தொலைபேசி அழைப்பு எல்லாச் சத்தமும் அதற்குள் போய்க் கலந்துதான் வெளியே போகும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வரிசை. மேலும் கீழும் தள்ளுகிற ஒரு கட்டை. மேலே தள்ளினால் சத்தம் ஏறும். கீழே இறக்கினால் அடங்கும். சத்தம் ஓடும்போது அந்த வரிசையில் பச்சை விளக்கு துள்ளும்.

மொத்தம் எட்டு வரிசை. ஏழாவதில் அவள் ஒன்றும் செருகவில்லை.

அந்த ஏழாவது கட்டைதான் முதலில் ஏறியது.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாக் கட்டைகளையும் கீழே இறக்கிவிட்டுப் போவது அவள் வழக்கம். மறுநாள் வந்து பார்த்தால் ஏழாவது மட்டும் மேலே நிற்கும்.

"நீங்க தொட்டீங்களா?" என்று இந்திரஜித்திடம் கேட்டாள்.

"நான் ஏன் அதைத் தொடப்போறேன்?"

இறக்கிவிட்டாள். அடுத்த நாளும் மேலே.

பிறகு விளக்கு. பேசிக்கொண்டிருக்கும்போது ஏழாவது வரிசையில் பச்சை துள்ளியது. அவள் பேசும்போது இல்லை. அவள் பேசி நிறுத்தும்போது.

"பழைய சாமான் அப்படித்தான் யசோ. உள்ளுக்க எங்கயாவது லூஸா இருக்கும்" என்றான் இந்திரஜித். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் குவைத்திலிருந்து றிப்னா செய்தி அனுப்பியிருந்தாள். வெலிமடைப் பிள்ளை. தவறாமல் கேட்பவள்.

'அக்கா, புதுசா உங்க கூடப் பேசுற மத்த அக்கா யாரு? நல்ல குரல். ஆனா ரொம்ப மெதுவாப் பேசுறாங்க.'

யசோதினி சிரித்துவிட்டாள். நிகழ்ச்சியில் அவளைத் தவிர யாரும் இல்லை. வேறு ஏதாவது வானொலியோடு குழப்பிக்கொண்டிருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் கத்தாரிலிருந்து ஒருவர். அதற்கடுத்து லண்டனிலிருந்து ஒருவர். எல்லோரும் அதே கேள்வி. அந்த மற்றப் பெண் யார்?

அதில் ஒருவர் எழுதியிருந்தார்: 'அவங்க ஏன் அடிக்கடி இடி இல்ல, இடி இல்லன்னு சொல்றாங்க? பதுளையில மழையா?'

அன்றைக்கு மழை இல்லை.

அவள் பதிவு செய்து வைத்திருந்த நிகழ்ச்சிகளைப் போட்டுக் கேட்டாள். எல்லாவற்றிலும் அவள் குரல் மட்டுந்தான். கொஞ்சம் தைரியம் வந்தது. தொடர்ந்து கேட்டாள். அப்போதுதான் கவனித்தாள்.

இடையிடையே மௌனம் இருந்தது. நேயர்களைப் பற்றி ஏதோ சொல்கிறாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாலைந்து மூச்சு நேரம்...

அதற்குப் பிறகு அவளே, "ஆமா" என்கிறாள்.

இன்னொரு மௌனம். "அப்படியா?" என்கிறாள். மெதுவாகச் சிரிக்கிறாள்.

அப்படிச் சொன்னதோ சிரித்ததோ அவளுக்கு நினைவே இல்லை.

இந்திரஜித்திடம் போட்டுக் காட்டினாள். அவன் முழுவதும் கேட்டான். "அந்த மிக்ஸரைக் குடுத்துட்டு வேற பார்ப்பம்" என்றான். சிரிக்கவில்லை. ஆனால் அந்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. அதுதான் எல்லாவற்றையும் திருப்பியது.

'அக்கா, மருதப்பன் அண்ணன் எப்ப வருவாரு? மத்த அக்கா இன்னிக்கும் சொன்னாங்களே, சனிக்கிழமை அவரு பேசப்போறாருன்னு.'

மருதப்பன் என்று ஒருவரை யசோதினிக்குத் தெரியாது. இந்திரஜித்துக்குத் தெரிந்திருந்தது. ஹாலிஎலக்காரர். ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கெல்லாம் சவுண்ட் போட்டவர். இப்போது அதை விட்டுவிட்டு மரக்கறி லொறி ஓட்டுவிக்கிறார்.

"கூப்பிடாத" என்றான் இந்திரஜித்.

"யாருன்னு பார்க்கணும்" என்றாள் அவள். பயம் இருந்தது. ஆனால் வானொலிக்காரிக்கு இருக்கிற அந்தக் குணம் அதைவிடப் பெரிது. ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அந்த ஆளைப் பேசவைக்காமல் விடமாட்டாள்.

தொலைபேசியில் மருதப்பன் உற்சாகமாகவே பேசினார். திருவிழாக்காலக் கதைகள் சொல்ல வேண்டும் என்றதும் உடனே ஒப்புக்கொண்டார். "எங்கிட்ட ஆயிரம் கதை இருக்கு தங்கச்சி" என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் குடையை உதறிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு. சிரித்த முகம். மாடிப்படி ஏறும்போதே கதை தொடங்கிவிட்டது.

அறை வாசலில் நின்றார்.

சிரிப்பு நின்றது.

"இது... எங்க வாங்கினீங்க?"

"பண்டாரவளையில. பழைய சாமான் கடையில. ஏன் அண்ணே?"

"ஒண்ணுமில்ல. இந்த மாதிரி ஒண்ணு எங்கிட்டயும் இருந்திச்சு. கண்டியில குடுத்துட்டேன்."

குனிந்து மிக்ஸரின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மூலை உடைந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் அதைப் பார்க்கவில்லை. மைக்கைக் கொடுத்ததும் சட்டைப்பையிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்து, மைக்கைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்தார்.

"ஷாக் அடிக்காதே?" என்று கேட்டார்.

"சே, அதெல்லாம் இல்ல அண்ணே."

நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் நன்றாகத்தான் போனது. காவடி, கரகம், தேர் இழுக்கும் ராத்திரி, மலை உச்சிக்கு ஜெனரேட்டர் தூக்கிய கதை. ஹெட்போனில் அவர் குரல் கணீரென்று விழுந்தது. யசோதினிக்கே ஆறுதலாக இருந்தது.

ஏழாவது கட்டை கீழே இருந்தது. விளக்கும் இல்லை.

"உங்க மேடையில பாடினவங்கள்ல மறக்க முடியாத குரல் யாரோடது அண்ணே?" என்று கேட்டாள். எப்போதும் கேட்கிற கேள்விதான்.

மருதப்பன் வாயைத் திறந்தார்.

கரண்ட் போனது.

அறை இருண்டது. கூரையில் மழைச் சத்தம் மட்டும். ரவுட்டர் அணைந்தது. மிக்ஸரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

எல்லாம் இல்லை.

ஏழாவதில் பச்சை எரிந்தது.

"கொஞ்சம் இருங்க அண்ணே. கரண்ட் வந்ததும் தொடங்குவம்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஹெட்போனைக் கழற்றினாள். மருதப்பன் கழற்றவில்லை. இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ பேசுவதைக் கேட்பவர் மாதிரி தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"யாரு?" என்றார்.

"அண்ணே?"

அவர் அவளிடம் கேட்கவில்லை.

யசோதினியின் கைத்தொலைபேசி மேசையில் அதிர்ந்தது. வெளிச்சத்தில் திரை தெரிந்தது. றிப்னா.

'அக்கா ஏன் அவங்க அழுறாங்க?'

அடுத்தது.

'தெளிவாக் கேக்குது இன்னிக்கு.'

கரண்ட் இல்லை. ரவுட்டர் இல்லை. எப்படிக் கேட்கிறது?

"லோஜினி..." என்றார் மருதப்பன்.

பச்சை விளக்கு துள்ளியது.

"ஆமா. நான்தான்" என்றார்.

துள்ளியது.

"தெரியும். காலையிலயே தெரியும். எர்த் வயர் அந்து கெடந்திச்சு. மைக்கத் தொட்டா சுருக்குன்னு அடிச்சிச்சு. சின்னதுதானேன்னு விட்டுட்டேன்."

அவர் கையிலிருந்து லேஞ்சி நழுவி விழுந்தது. இப்போது வெறுங்கையால் மைக்கைப் பிடித்திருந்தார். ஒரு கையால் இல்லை. இரண்டு கையாலும்.

"மழை வந்திச்சு. நீ பாடிக்கிட்டிருந்த. நிப்பாட்டவான்னு கைய காட்டின. நான்தான் பாடுன்னு சொன்னேன்."

யசோதினி எழுந்தாள். மைக் வயரைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று தோன்றியது. மேசையைத் தடவி வயரைப் பிடித்துவிட்டாள். இழுக்கப் போனாள்.

"உன்னால விட முடியல. மைக்கு கையோட ஒட்டிக்கிச்சு. பார்த்தேன்."

துள்ளியது.

"நீ என்னையே பார்த்துக்கிட்டு நின்ன..."

துள்ளியது.

"மிக்ஸரை மூடினேன்."

யசோதினியின் கை நின்றது.

"மொதல்ல மிக்ஸரைத்தான் மூடினேன். புதுசு. மழை பட்டாப் போயிரும். தார்ப்பாய்ப் படங்கை எடுத்து மூடி, காத்துல பறக்காம நாலு மூலைக்கும் கல்லு வச்சேன். அதுக்குப் பொறகுதான் ஜெனரேட்டரை நிப்பாட்டப் போனேன். அதுக்குள்ள..."

மழைச் சத்தம்.

அவள் வயரை விட்டாள். இதை அவள் மறைக்காமல் சொல்கிறாள். இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. 'பேசட்டும்' என்று நினைத்தாள். அந்த நினைப்பு தன்னுடையதுதானா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"இடி இல்ல" என்றார் மருதப்பன். குரல் உடைந்திருந்தது. "இடி விழல. நான்தான் இடின்னு சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க..."

ஒரு மணம் வந்தது.

கருகுகிற மணம்.

"யசோ!" இந்திரஜித் டோர்ச்சோடு ஓடிவந்தான். வெளிச்சம் மருதப்பன்மேல் விழுந்தது. கண்கள் திறந்திருந்தன. தோள் குலுங்கியது. விரல்களுக்கு இடையிலிருந்து மெல்லிதாகப் புகை.

இந்திரஜித் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். வயர் கழன்று அவன் கையோடு வந்தது.

மைக் இப்போது எதோடும் சேர்ந்திருக்கவில்லை.

"இடி இல்ல... இடி இல்ல..."

விளக்கு துள்ளியது.

இந்திரஜித் பிளாஸ்டிக் கதிரையால் மைக்கைத் தட்டிவிட்டான். அது உருண்டு சுவரில் மோதியது.

பச்சை அணைந்தது.

மருதப்பன் அப்படியே சரிந்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் போகவில்லை. இரண்டு உள்ளங்கையும் கரண்ட் பட்டுக் கருகியிருக்கிறது என்றார் டொக்டர். எந்த லைனில் கை வைத்தார் என்று கேட்டார். பசறை வீதி முழுக்க அன்று கரண்ட் இல்லை. அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போதும் வந்திருக்கவில்லை.

மருதப்பனுக்கு அதற்குப் பிறகு பேச்சு இல்லை. காயம் ஆறியது. விரல்கள் விரியவில்லை. எதையோ இறுகப் பிடித்தபடி இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே மடங்கி நிற்கின்றன. தூக்கத்தில்கூட விரியவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். பொலிஸ் இரண்டு தடவை வந்து வாக்குமூலம் கேட்டது. அவரால் சொல்லவும் முடியவில்லை. எழுதவும் முடியவில்லை.

லோஜினி யார் என்று நேயர்கள்தான் தேடிக்கொடுத்தார்கள். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நாலு வருஷத்துக்கு முன் மாரியம்மன் திருவிழாவில் மேடையிலேயே செத்துப்போன பிள்ளை. பத்தொன்பது வயது. தாய் பெயர் கலாராணி. கொழுந்தெடுக்கிறவள்.

மகளைக் கொன்றது இடி இல்லை என்று அந்தத் தாய்க்கு யாராவது சொல்ல வேண்டுமே. மருதப்பனைப் பேசவிட்டது தான்தான் என்பதால் தானே போய்ச் சொல்லவேண்டும் என்று யசோதினி முடிவு செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் மேலே போனாள். பாதி வழியிலேயே போனில் சிக்னல் போய்விட்டது.

"இங்க எப்பவும் இப்படித்தான். லயத்து வீடுகள்ல போன் எடுக்காது" என்றார் ஆட்டோக்காரர்.

கலாராணி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண். யசோதினி பெயரைச் சொன்னாள். மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தாள்.

"தெரியும் புள்ள" என்றாள் கலாராணி.

"யாரு சொன்னாங்க?"

"அவன்தான் சொன்னான். நாங்கதான் கேட்டமே."

"இங்க சிக்னல் இல்லையே அக்கா. எப்படி..."

கலாராணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாலு வருஷம். இந்த லயத்துல ஒருத்தரும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. என் மக தீட்டோட மேடையில ஏறினா, அதான் அம்மன் இடிய போட்டு அடிச்சிட்டான்னாங்க. என் வீட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. அன்னிக்கு சனிக்கெழம, மழை. எல்லாம் கதவ சாத்திக்கிட்டுக் கெடந்தம். திடீர்னு கோயில் கொழாயில அவன் குரல். லயம் முழுக்கக் கேட்டிச்சு. எல்லாரும் கதவத் தொறந்து மழையில வந்து நின்னாங்க. அவன் எர்த் வயர் கதைய சொன்னான். கல்லு வச்ச கதைய சொன்னான். ஒருத்தரும் அசையல. முடிஞ்சதும் இந்த வாசல்ல வந்து விழுந்தாங்க."

பிளந்த விறகை ஓரமாக ஒதுக்கினாள்.

"அவன் செத்துட்டானா?" என்று கேட்டாள் கலாராணி.

"இல்லக்கா. கை ரெண்டும் வராமப் போச்சு. பேச்சும் இல்ல."

"நல்லது. சாக வேணாம்." அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ரொம்ப நாள் இருக்கட்டும்."

திரும்பும்போது யசோதினி கோயில் பக்கம் போனாள். கோயில் குழாய் என்று கலாராணி சொன்ன ஒலிபெருக்கியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பூசாரி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவரும் அன்று மழையில் நின்று கேட்டவர்தான். அவள் கேட்டதும் கையை உயர்த்திக் காட்டினார். கோயிலுக்குப் பின்னால் உயரமான ஒரு டர்பன்டைன் மரம்.

"அங்கயிருந்துதான் கேட்டிச்சு. மேல அந்தக் கிளையில."

யசோதினி அண்ணாந்து பார்த்தாள். கிளைகளுக்கு நடுவே பனிமூட்டம் நகர்ந்தது. அது விலகும்வரை நின்றாள்.

அங்கே ஒன்றும் இல்லை.

"கொழாய் எங்க ஐயா?"

பூசாரி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார்.

"கொழாய் ஏதும்மா? அது மருதப்பனோட சாமான். அந்தப் புள்ள செத்த ராத்திரியே கழட்டி லொறியில போட்டுக்கிட்டுப் போயிட்டான். நாலு வருஷமா அந்த மரத்துல ஒண்ணுமே இல்ல."